இரண்டு இருக்கை, திறக்கும் கூரை: மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போடலாமா?

கடிதத்தின் சுருக்கம்

பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். வயது 49, உயரம் 183 சென்டிமீட்டர். வீட்டில் ஐந்து பேர் அமரும் ஹேட்ச்பேக் ஒன்று இருக்கிறது. மகள் மேற்படிப்புக்கு வெளியூர் போய்விட்டாள். நீண்ட நாள் ஆசையான கூரை திறக்கும் ஸ்போர்ட்ஸ் காரைப் புதிதாகவே வாங்கிவிட நினைக்கிறார். மாஸ்டா எம்எக்ஸ்-5, பிஎம்டபிள்யூ இசட்4 இரண்டையும் பார்த்துவிட்டார். முதலாவதை 20 நிமிடம் ஓட்டியும் பார்த்திருக்கிறார். தினமும் போகவர 35 கிலோமீட்டர் அலுவலகப் பயணத்துக்கும் அதையே எடுப்பதாகத் திட்டம்.

வீட்டில் மூடிய நிறுத்துமிடம் ஒன்றுதான். அதில் பழைய கார் நிற்பதால் புதியது வெளியே மரத்தடியில் நிற்க வேண்டியிருக்கும். மனைவிக்கு இடுப்பு வலி உண்டு. தம்பியின் நான்கு வயதுக் குழந்தையை வாரத்தில் இரண்டு நாள் பள்ளியிலிருந்து அழைத்துவருவதும் இவர்தான். டீலர் முழு விலைக்கும் ஏழு வருடக் கடன் ஏற்பாடு செய்து தருவதாகச் சொல்கிறார். மாதக் கடைசிக்குள் முன்பணம் கட்டினால் தள்ளுபடி உண்டு.

“பழைய காரை விற்றுவிட்டு இது ஒன்றையே வைத்துக்கொள்ளலாமா? துணிக்கூரை ஒழுகும், உலோகக் கூரைதான் பாதுகாப்பு என்கிறார்களே? விலை குறையாத கார் என்பதால் கடன் சுமையாகாது அல்லவா? வாங்குவதுதான் வாங்குகிறோம், சக்தி கூடிய எஞ்சினுக்கே போய்விடலாமா?” என்பவை அவருடைய கேள்விகள்.

பதில்

அன்புள்ள வாசகருக்கு வணக்கம். உங்களுக்கு இந்தக் கார் பொருந்தும் என்றே நினைக்கிறேன். குடும்பத்துக்கு வேறு கார் இருக்கிறது, மகள் வளர்ந்துவிட்டாள், தினப் பயணம் குறுகியது. இரண்டு இருக்கைக் காரை நிம்மதியாக வைத்துக்கொள்ளக்கூடியவர்களின் நிலைமை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். ஆனால் மூன்று விஷயங்களை மாற்றாமல் கையெழுத்துப் போடாதீர்கள்: பழைய காரை விற்பது, புதியதை மரத்தடியில் நிறுத்துவது, ஏழு வருடக் கடன். கடிதத்தில் நீங்கள் அதிகம் எழுதியிருப்பது எஞ்சினைப் பற்றியும் கூரையைப் பற்றியும். என் கவலை முதலில் அந்த மரத்தைப் பற்றியது.

கார் எங்கே நிற்கும் என்பதே முதல் கேள்வி

துணிக்கூரை ஒழுகும் என்று கேள்விப்பட்டிருக்கிறீர்கள். நல்ல நிலையில் உள்ள இன்றைய துணிக்கூரையின் துணி வழியாகத் தண்ணீர் உள்ளே வருவது அரிது. வெளியே நெருக்கமாக நெய்த துணி, நடுவே ரப்பர் அடுக்கு, உள்ளே இன்னொரு துணி என்று அது பல அடுக்காக இருக்கும். தண்ணீர் உள்ளே வருவது வேறு வழியில். கூரையின் மேல் விழும் மழை, பின்பக்கம் இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள ஒரு பள்ளத்தில் இறங்கி, அங்கிருந்து இருபுறமும் உள்ள வடிகால் குழாய்கள் வழியே காருக்கு அடியில் வெளியேற வேண்டும். ஓர் இலைத்துண்டு, மகரந்தம், பூங்காம்பு, கொஞ்சம் தூசு சேர்ந்து நனைந்தால் குழாயின் வாய் அடைத்துவிடும். அடுத்த பெருமழையில் பள்ளம் நிரம்பி, தண்ணீர் கம்பளத்துக்கு அடியில் இறங்கும்.

இது வெறும் ஈரக் கம்பளத்தோடு நிற்பதில்லை. 2002 முதல் 2008 வரை வந்த முதல் தலைமுறை இசட்4-இல் கூரையை இயக்கும் ஹைட்ராலிக் மோட்டாரே அந்த வடிகால் பள்ளத்தை ஒட்டி அமைந்திருந்தது. வடிகால் அடைத்தால் மோட்டார் மூழ்கிக் கெட்டுப்போகும். பழைய போர்ஷே பாக்ஸ்டரில் இருக்கைக்கு அடியில் இருந்த மின்னணுப் பெட்டி நனைந்து, கார் ஸ்டார்ட் ஆகாமல் போவது அறிந்த குறை. பழைய எம்எக்ஸ்-5 கார்களில் கதவுக்குக் கீழே உள்ள பக்கச் சட்டம் உள்ளிருந்தே துருப்பிடித்ததற்கும் இந்த வடிகால் அடைப்பு ஒரு முக்கியக் காரணம். இத்தனைக்கும் மூலம் ஒரு சின்னக் குழாய்.

மரத்தடியில் நிறுத்தினால் இலை மட்டுமல்ல, பிசினும் பறவை எச்சமும் துணியில் விழும். எச்சத்தை ஈரத்துணியால் ஊறவைத்து அன்றன்றே எடுத்தால் போய்விடும். ஒரு வாரம் வெயிலில் காய்ந்தால் கறை நிற்கும். தேய்த்து எடுக்கப் போனால் நெசவின் மேற்பூச்சு போகும். ஆகவே எளிய ஏற்பாடு இது: பழைய ஹேட்ச்பேக்கை மரத்தடிக்கு மாற்றுங்கள், புதியதை உள்ளே நிறுத்துங்கள். உலோகக் கூரையுள்ள பழைய கார் மரத்தடியைத் தாங்கும். அது முடியாவிட்டால் பக்கத்தில் மூடிய இடம் ஒன்று வாடகைக்குக் கிடைக்குமா என்று பாருங்கள். அந்த வாடகையையும் காரின் மாதச் செலவில் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். காற்றுப் போகாத பிளாஸ்டிக் உறையைப் போர்த்தி வெளியே விடுவது தீர்வாகாது. ஈரம் உள்ளே அடைபட்டுப் பூஞ்சை பிடிக்கும். காற்றில் உறை அசைந்தசைந்து பெயின்டையும் உரசும்.

வாங்கிய பிறகு செய்ய வேண்டியது அதிகமில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூரையைப் பாதி மடித்து, பள்ளத்தில் உள்ள குப்பையைக் கையால் எடுத்துவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். இருபுறமும் அடியில் சொட்டுவது தெரிய வேண்டும். சொட்டாவிட்டால் புல் வெட்டும் கருவியில் போடும் நைலான் இழை போன்ற வளையும் இழையை மெல்ல உள்ளே விட்டுச் சுத்தம் செய்யலாம். கம்ப்ரஸர் காற்றை அடிக்காதீர்கள். குழாய் உள்ளே இணைப்பிலிருந்து கழன்றுகொண்டால் தண்ணீர் நேராகக் காருக்குள் போகும், அதைத் திரும்ப மாட்ட உட்புறத்தையே கழற்ற வேண்டிவரும். துணியை மென்மையான பிரஷ், மிதமான சோப்பு, நிறையத் தண்ணீர் கொண்டு கழுவி, ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை துணிக்கூரைக்கென்று விற்கும் நீர்விலக்கியைப் பூசினால் போதும். சுழலும் பிரஷ் உள்ள தானியங்கிக் கழுவகத்தைத் தவிருங்கள். நனைந்த கூரையை மடித்து அப்படியே விட்டுவிடக் கூடாது. வழியில் மழை பிடித்து அவசரமாக மூடியிருந்தால், வீட்டுக்கு வந்ததும் நிழலில் மூடிய நிலையிலேயே உலரவிடுங்கள்.

உலோகக் கூரை உயர்ந்ததா?

திருட்டு, கத்திக் கீறல், நெடுஞ்சாலை இரைச்சல் ஆகியவற்றில் உலோகக் கூரைக்கு மேல்கை உண்டு என்பது உண்மை. விபத்துப் பாதுகாப்பில் நீங்கள் நினைக்கும் அளவு வேறுபாடு இல்லை. கார் உருண்டால் எடையைத் தாங்குவது வலுப்படுத்திய முன்கண்ணாடிச் சட்டமும், இருக்கைக்குப் பின்னால் உள்ள உருள்வளையங்களும்தான். மடியும் கூரைத் தகடு அந்த வேலைக்காகச் செய்யப்பட்ட தூண் அல்ல.

மடியும் உலோகக் கூரைக்குக் கொடுக்கும் விலை எடையும் இடமும். 2009-இல் வந்த இரண்டாம் தலைமுறை இசட்4-க்கு உலோகக் கூரை. மூடியிருக்கும்போது 310 லிட்டராக இருந்த டிக்கி, கூரையை மடித்ததும் 180 லிட்டராகச் சுருங்கியது. 2018-இல் அறிமுகமான மூன்றாம் தலைமுறையில் நிறுவனம் துணிக்கே திரும்பிவிட்டது. கூரை திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் டிக்கி 281 லிட்டர். 10 விநாடியில், 50 கிலோமீட்டர் வேகம் வரை ஓடிக்கொண்டே கூரையைத் திறந்து மூடலாம். துணிக்கூரையை மலிவுத் தொழில்நுட்பமாகப் பார்க்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

எம்எக்ஸ்-5 இரண்டு வடிவிலும் வருகிறது. துணிக்கூரை வகையில் மோட்டார் கிடையாது. இருக்கையில் அமர்ந்தபடியே ஒரு கொக்கியை விடுவித்து, கையால் பின்னால் தள்ளிவிடலாம். கெட்டுப்போக எதுவும் இல்லாத அந்த எளிமை பத்து ஆண்டு கழித்து உங்களுக்குப் பணமாகத் தெரியும். ஆர்எஃப் என்னும் உலோகக் கூரை வகை 13 விநாடியில் மோட்டாரில் மடியும், ஆனால் 10 கிலோமீட்டர் வேகத்துக்குள் இருந்தால்தான். அதில் பின்தூண்கள் அப்படியே நிற்பதால் முழு வானமும் திறக்காது. வேகத்தில் தலைக்குப் பின்னால் காற்று சுழன்று இரையும். தலைக்கு மேல் இடமும் சற்றுக் குறைவு. உங்கள் உயரத்துக்கு அந்தக் கடைசி விஷயமே முடிவைத் தீர்மானிக்கலாம். மூடிய நிறுத்துமிடம் கிடைத்துவிட்டால், நான் துணிக்கூரையையே சொல்வேன்.

20 நிமிட ஓட்டம் போதாது

கார் புதியது என்ற உற்சாகத்தில் முதல் 20 நிமிடத்தில் உடல் குறை சொல்லாது. 40 நிமிடத்துக்கு மேல்தான் முழங்காலும் இடுப்பும் பேசத் தொடங்கும். ஒரு மணி நேரம் கேளுங்கள். உங்கள் அலுவலகப் பாதையிலேயே ஓட்டுங்கள், மனைவியையும் அழைத்துச் செல்லுங்கள். டீலர் மறுத்தால், அதே மாடலை ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். ஏழு வருடம் தவணை கட்டப்போகிறவருக்கு ஒரு நாள் வாடகை வீண் செலவல்ல.

பார்க்க வேண்டியவை:

• உயரம். நீங்கள் நேராக அமர்ந்திருக்கும்போது, முன்கண்ணாடிச் சட்டத்தின் மேல்விளிம்பிலிருந்து பின்னால் உள்ள வளையத்தின் உச்சிக்கு ஒரு நேர்க்கோலை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் தலை அதற்குக் கீழே இருக்க வேண்டும். கண்ணாடிச் சட்டம் சாலைப் பார்வையைக் குறுக்கே வெட்டினாலும் அந்தக் கார் உங்களுக்கல்ல. ஸ்டீயரிங் மேலும் கீழும் மட்டுமா, முன்னும் பின்னும்கூட நகருமா என்று பாருங்கள். எம்எக்ஸ்-5-இல் இந்த இரண்டாவது வசதி 2018-இல் செய்த மாற்றத்தோடுதான் வந்தது.

• மனைவியின் இடுப்பு. ஏறுவதைவிட இறங்குவதுதான் கடினம். முதலில் பின்பக்கமாக இருக்கையில் உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்ப வேண்டும். இறங்கும்போது அதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். கதவு முழுதாகத் திறக்காத நெருக்கமான நிறுத்துமிடத்தில் இதை ஐந்து முறை செய்துபார்க்கட்டும். ஐந்தாவது முறை முகம் சுளித்தால், அவருக்கு அந்தக் கார் இன்பம் தராது. இதில் சமாதானம் செய்யாதீர்கள். உயரம் குறைந்த பக்கச்சுவருள்ள டயரும் இறுக்கமான சஸ்பென்ஷனும் உள்ள வகை இடுப்பை இன்னும் வதைக்கும். எம்எக்ஸ்-5-இல் 17 அங்குலச் சக்கரத்தைவிட 16 அங்குலச் சக்கரம் உள்ள வகை மேடுபள்ளத்தில் மென்மையானது.

• உடற்சட்டத்தின் நடுக்கம். சாதாரணக் காரில் கூரையும் வலுவின் ஒரு பகுதி. அதை வெட்டி எடுத்துவிட்டால் அடிச்சட்டமே எல்லாவற்றையும் தாங்க வேண்டும். மோசமான சாலையில் 30, 40 கிலோமீட்டர் வேகத்தில் கூரையைத் திறந்து ஓட்டி, உட்புறக் கண்ணாடியையும் ஸ்டீயரிங்கையும் கவனியுங்கள். லேசான அதிர்வு இயல்பு. பிம்பம் கலங்கிப்போகும் அளவு நடுங்கினால் வேறு மாடலைப் பாருங்கள்.

• தரைக்கும் காருக்கும் உள்ள இடைவெளி. உங்கள் பாதையில் உள்ள வேகத்தடைகளையும் அலுவலக நிறுத்துமிடத்தின் சரிவையும் இரண்டு பேர் அமர்ந்த நிலையில் கடந்துபாருங்கள். முன்பம்பரின் கீழ்விளிம்புதான் முதலில் உரசும்.

• சாமான். எம்எக்ஸ்-5-இன் டிக்கி 130 லிட்டர். இரண்டு மென்மையான சிறு பைகள் போகும். கெட்டியான பெரிய சூட்கேஸ் போகாது. உங்கள் பையை எடுத்துச் சென்று வைத்தே பார்த்துவிடுங்கள். பயணி முன்னால் இருக்கும் வழக்கமான கையுறைப் பெட்டியும் அதில் இல்லை. பொருள் வைக்கும் பெட்டி இரு இருக்கைகளுக்கும் நடுவே பின்னால் இருக்கிறது. ஸ்டெப்னியும் வராது. பஞ்சர் ஒட்டும் திரவமும் சிறு பம்பும்தான் வரும். டயரின் பக்கச்சுவர் கிழிந்தால் அந்தத் திரவம் உதவாது, வண்டியை ஏற்றிச்செல்ல ஆள் கூப்பிட வேண்டும். சாலையோர உதவி எத்தனை ஆண்டு, எவ்வளவு தூரம் வரை என்பதைக் கேட்டு வாங்குங்கள்.

காதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்ல வேண்டும். கூரை திறந்த காரில் நெடுஞ்சாலை வேகத்தில் காற்றின் இரைச்சல் 85 டெசிபெலைத் தாண்டக்கூடும். அந்த அளவில் ஒரு நாளில் 8 மணி நேரம் வரை கேட்கலாம் என்பது தொழிற்பாதுகாப்பு வல்லுநர்கள் பரவலாகக் கொள்ளும் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகும். 91 டெசிபெலில் 2 மணி நேரம்தான். உங்கள் அலுவலகப் பயணத்தில் பயமில்லை. நீண்ட நெடுஞ்சாலைப் பயணத்தில் பக்கக் கண்ணாடிகளை ஏற்றி, காற்றுத்தடுப்பைப் பொருத்தி ஓட்டுங்கள்; அதிலும் இரைச்சல் மிகுந்தால் கூரையை மூடிவிடுங்கள்.

குழந்தையும் பழைய காரும்

பழைய காரை விற்காதீர்கள் என்று நான் அழுத்திச் சொல்வதற்கு இந்தக் குழந்தைதான் காரணம். இரண்டு இருக்கைக் காரில் குழந்தைக்கு இருப்பது முன்னிருக்கை மட்டும், அதற்கு எதிரே ஏர்பேக். ஏர்பேக் வேலை செய்யும் நிலையில் உள்ள முன்னிருக்கையில் பின்னோக்கிய குழந்தை இருக்கையை ஒருபோதும் வைக்கக் கூடாது, அது உயிர்ப்பிரச்சினை. முன்னோக்கிய இருக்கை என்றாலும், ஏர்பேக்கை அணைக்கும் சாவி இருக்கிறதா, எடையை உணர்ந்து தானே அணையும் வகையா, முன்னிருக்கையில் குழந்தை இருக்கையை நிறுவனம் அனுமதிக்கிறதா, எந்த வகையை அனுமதிக்கிறது என்பதெல்லாம் மாடலுக்கு மாடல், நாட்டுக்கு நாடு மாறும். கையேட்டில் அந்தப் பக்கத்தைப் படிக்காமல் விற்பனையாளரின் வாய்வார்த்தையை நம்பாதீர்கள். வாரத்தில் இரண்டு நாள்தான் அழைத்துவருகிறீர்கள் என்பதால் அந்த நாட்களில் ஹேட்ச்பேக்கை எடுங்கள். அதன் பின்னிருக்கை முன்னிருக்கையைவிடப் பாதுகாப்பானது.

இன்னொன்று: இவ்வகைக் கார் சர்வீஸுக்குப் போனால், அல்லது ஒரு பம்பருக்கோ கூரைப் பாகத்துக்கோ காத்திருக்க நேர்ந்தால், அதிகம் விற்கும் கார்களுக்குக் கிடைப்பதுபோல் பாகங்கள் உடனே கிடைக்காது. அந்த வாரங்களில் பழைய கார்தான் உங்களை அலுவலகம் சேர்க்கும்.

சக்தி கூட வேண்டுமா?

வேண்டாம் என்பது என் கருத்து. 2 லிட்டர் எம்எக்ஸ்-5-இன் சக்தி 184 குதிரைத்திறன், எடை ஒரு டன்னைச் சற்றே தாண்டும். இசட்4-இன் 2 லிட்டர் அடிப்படை வகைக்கு 197 குதிரைத்திறன், எடை அதைவிட நானூறு கிலோ அளவில் கூடுதல். உச்சியில் உள்ள 3 லிட்டர் எம்40ஐ வகைக்கு 340. பொதுச்சாலையில் அந்த 340-ஐ முழுதாகப் பயன்படுத்தினால் சில விநாடியில் சட்ட வேகத்தைக் கடந்துவிடுவீர்கள். எடை குறைந்த காரில் கியரை மாற்றி மாற்றி ஓட்டும் சுகம் 60 கிலோமீட்டர் வேகத்திலேயே கிடைக்கிறது. சக்தி ஏறினால் இன்சூரன்ஸ், டயர், பிரேக் பேட், எரிபொருள் எல்லாம் சேர்ந்து ஏறும். இசட்4-ஐ நீங்கள் தேர்ந்தெடுத்தால் அது சொகுசுக்காகவும் டிக்கிக்காகவும் இருக்கட்டும். அதற்கு அடிப்படை எஞ்சினே தாராளம்.

நீங்கள் இதுவரை ஓட்டியது முன்சக்கர இழுவை ஹேட்ச்பேக் என்று எடுத்துக்கொள்கிறேன். இந்தக் கார்கள் பின்சக்கர இழுவை. ஈரச் சாலையில் வளைவுக்கு நடுவே ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று மிதித்தாலோ விட்டாலோ பின்பக்கம் விலகப் பார்க்கும். மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு காப்பாற்றும், அதை அணைக்காதீர்கள். டயர் தேய்ந்துவிட்டால் அந்தக் கட்டுப்பாட்டுக்கும் பிடிமானம் இருக்காது. எனவே சட்டம் அனுமதிக்கும் கடைசி மில்லிமீட்டர் வரை ஓட்டாமல், தடத்தின் ஆழம் 3 மில்லிமீட்டருக்கு வந்ததும் மாற்றிவிடுங்கள்.

“விலை குறையாத கார்” என்னும் நினைப்பும் ஏழு வருடக் கடனும்

விலை ஏறிய திறந்த ஸ்போர்ட்ஸ் கார்கள் உண்டு. அவை பெரும்பாலும் உற்பத்தி நின்றுபோனவை, குறைவாக ஓடியவை, மூடிய இடத்தில் காத்தவை. அந்த ஏற்றம் வரும்முன் பல ஆண்டு இறக்கத்தை முதல் உரிமையாளர்கள் தாங்கியிருப்பார்கள். தினமும் அலுவலகம் போகும் காருக்கு இது பொருந்தாது. எந்தப் புதுக்காரும் அதிகம் இழப்பது முதல் ஒன்றிரண்டு ஆண்டுகளில். இவ்வகைக் கார்கள் சிலவற்றில் இறக்கம் சற்று மெதுவாக இருக்கலாம், அவ்வளவுதான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். காரின் விலை 100, முழுதும் கடன், ஆண்டு வட்டி 9 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 84 மாதக் கடனில் தவணை மாதம் 1.61; கட்டி முடிக்கும்போது மொத்தம் 135 கட்டியிருப்பீர்கள். 48 மாதக் கடனில் தவணை 2.49, மொத்தம் 119. தவணை சின்னதாகத் தெரிவதற்காக 16 கூடுதலாகப் போகிறது. அதைவிட முக்கியம் இடையில் நிற்கும் பாக்கி. ஏழு வருடக் கடனில் ஓராண்டு முடிவில் 89 பாக்கி, மூன்றாண்டு முடிவில் 65. நான்கு வருடக் கடனில் மூன்றாண்டு முடிவில் 28-தான். இடுப்பு வலியாலோ வேலை மாற்றத்தாலோ மூன்றாம் ஆண்டில் விற்க நேர்ந்து, கார் 60-க்குப் போனால், முதல் நிலையில் காரையும் கொடுத்துவிட்டுக் கையிலிருந்து 5 போட்டுக் கடனை அடைக்க வேண்டும்; இரண்டாவதில் 32 உங்கள் கைக்கு வரும்.

முழு விலைக்கும் கடன் வாங்கி முதல் ஆண்டிலேயே கார் முழுச் சேதமானால், இன்சூரன்ஸ் நிறுவனம் அன்றைய மதிப்பைத்தான் தரும். பாக்கிக் கடன் அதைவிடக் கூடுதலாக இருக்கலாம். அந்த இடைவெளியை ஈடுகட்டும் தனிக் காப்பீடு கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். அதைவிட நல்லது மூன்றில் ஒரு பங்காவது முன்பணம் கட்டி, நான்கு ஆண்டுக்குள் முடிப்பது. நான்கு ஆண்டுத் தவணை கைக்கு எட்டவில்லை என்றால், புதுக்காருக்குப் பதிலாக மூன்று வயதான அதே மாடலைப் பாருங்கள். முதல் பெரிய இறக்கத்தை வேறொருவர் தாங்கியிருப்பார். பழையது வாங்குகிறவர் கம்பளத்தைத் தூக்கி அடியில் ஈரம் இருக்கிறதா என்று கையை வைத்துப் பார்க்க வேண்டும். கூரையின் மடிப்புகளில் தேய்மானம், பக்கச்சட்டத்தின் அடியில் துரு, நான்கு டயரும் ஒரே பிராண்டா என்பதையும் பார்க்க வேண்டும்.

இன்சூரன்ஸை முடிவெடுக்கும் முன்பே, மாடலின் துல்லியமான வகையைச் சொல்லி விசாரியுங்கள். இரவில் எங்கே நிற்கும் என்று உண்மையைச் சொல்லுங்கள். மூடிய இடம் என்று சொல்லிவிட்டு மரத்தடியில் நிறுத்தினால் கோரிக்கை மறுக்கப்படலாம். கத்தியால் கூரை கிழிக்கப்பட்டால் முழுக் கூரையின் விலையும் கிடைக்குமா என்று எழுத்தில் கேளுங்கள். பந்தயத் தடத்தில் ஓட்டினால் இன்சூரன்ஸும் வாரண்டியும் பெரும்பாலும் பொருந்தா.

தள்ளுபடியும் கையெழுத்தும்

மாதக் கடைசி என்பது டீலரின் விற்பனை இலக்குக்கான கெடு, உங்களுடையதல்ல. அதே தள்ளுபடி அடுத்த மாதமும் வருவது வழக்கம். திறந்த கார்களுக்கு, மழையும் குளிரும் தொடங்கும் காலத்தில் கேட்பவர் குறைவதால் பேரம் பேச இன்னும் இடம் கிடைக்கும்.

ஷோரூமில் கையெழுத்திட்ட பிறகும் சில நாளுக்குள் காரணமின்றி ரத்து செய்துகொள்ளலாம் என்று பலர் நம்புகிறார்கள். பல நாடுகளில் நேரில் சென்று வாங்குவதற்கு அப்படியொரு உரிமை கிடையாது. இணையத்திலோ தொலைபேசியிலோ வாங்கினால் மட்டும் சில இடங்களில் உண்டு. ஆகவே முன்பணம் எந்த நிலையில் திரும்பும் என்பது ரசீதிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். பெரிய தள்ளுபடி தரும் கார், கிடங்கில் பல மாதம் நின்றதாக இருக்கலாம். உற்பத்தி மாதத்தைக் கேளுங்கள், டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத்தையும் பாருங்கள். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் செய்த டயர்.

காரை எடுக்கும் நாளில், பகல் வெளிச்சத்தில் கூரையை மூன்று முறை திறந்து மூடுங்கள். மூடிய நிலையில் கண்ணாடி விளிம்புகளின் மேல் ஐந்து நிமிடம் தண்ணீர் ஊற்றச் சொல்லி உள்ளே விரலால் தடவிப் பாருங்கள். டயர் அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். கப்பலிலும் லாரியிலும் வரும்போது கூட்டி வைக்கும் அழுத்தத்தைக் குறைக்காமல் தந்துவிடுவது உண்டு, அப்போது கார் துள்ளும். கையேடு சொல்லும் தூரம் வரை, பொதுவாக முதல் 1,000 முதல் 1,500 கிலோமீட்டர், எஞ்சினை உச்சச் சுழற்சிக்குக் கொண்டுபோகாமல், ஒரே வேகத்திலும் நெடுநேரம் ஓட்டாமல் பழக்குங்கள். புது டயரின் மேற்பூச்சு தேயும்வரை ஈரத்தில் கூடுதல் கவனம் வேண்டும்.

இன்று நீங்கள் செய்யக்கூடியது, டீலருக்கு ஒரு கடிதம் எழுதுவது. சொற்களைக் கீழே தருகிறேன், மாடலை நிரப்பி அனுப்பிவிடுங்கள்:

“உங்கள் சலுகைக்கு நன்றி. முடிவெடுக்கும் முன் என் மனைவியுடன் ஒரு மணி நேரம் எங்கள் வழக்கமான பாதையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். காரின் உற்பத்தி மாதம், வரி, பதிவு, துணைப்பொருள் எல்லாம் சேர்ந்த இறுதி விலை, 48 மாதக் கடனுக்கான வட்டி வீதமும் மொத்தத் தொகையும், முன்கூட்டியே அடைத்தால் உள்ள கட்டணம், கூரைக்கான வாரண்டிக் காலம், முன்பணம் திரும்பும் நிபந்தனை ஆகியவற்றை எழுத்தில் அனுப்புங்கள். இவை கிடைத்த பிறகே முன்பணம் பற்றிப் பேசுவேன். இந்த மாதம் முடியாவிட்டால் அடுத்த மாதம் பேசலாம்.”